கடைசியாகத் தொட்டவர்

“நான் ஒண்ணுமே பண்ணலீங்க மாஸ்டர். அதுவாத்தான் செத்துப்போச்சு.”

காலையிலிருந்து நாச்சிமுத்து இதை ஆறாவது முறையாகச் சொன்னார்.

மாஸ்டர் ஜெசிந்தா மடியில் காகிதத்தை விரித்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஏழு மாத வயிறு. கால் இரண்டையும் பழைய பிரிண்டர் ஒன்றின் மேல் தூக்கி வைத்திருந்தார்.

செத்துப்போனது கடையின் சொந்தக் கம்ப்யூட்டர். உடுமலையில் உள்ள கம்ப்யூட்டரையெல்லாம் பிழைக்க வைக்கிற கடையில், கடைக் கம்ப்யூட்டரின் பட்டனை அழுத்தினால் விளக்கு இல்லை, விசிறி இல்லை, ஒரு முனகல்கூட இல்லை.

அதுவும் இன்றைக்கா?

நான்கு மணிக்கு மாஸ்டரின் அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வருகிறார். பிரசவத்துக்கு மாஸ்டர் கருமத்தம்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போகிறார். திரும்பி வர ஆறு மாதம் ஆகும். போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டார்: செத்த மெஷினைத் தனியாக எழுப்பத் தெரிந்தால் கடைச் சாவி நாச்சிமுத்துவுக்கு. தெரியாவிட்டால் ஆறு மாதமும் ஷட்டருக்குப் பூட்டு.

பூட்டினால் நாச்சிமுத்து மறுபடியும் ஏடிஎம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். மில் மூடிய பிறகு நான்கு வருடம் உட்கார்ந்து பார்த்தாயிற்று. ஐம்பத்து மூன்று வயதில், மகள் வயதுள்ளவரை மாஸ்டர் என்று கூப்பிட்டுத் தொழில் கற்க வந்ததே அந்த ஸ்டூலுக்குப் பயந்துதான்.

“கடைசியா யாருங்ணா தொட்டது?” என்று மாஸ்டர் கேட்டார்.

“ஆரும் தொடலீங்க. பூஜைக்கு மொத நாள் நீங்கதான் நிறுத்துனீங்க. அப்புறம் லீவு. இன்னிக்குக் காத்தால போட்டா எந்திரிக்கவே மாட்டேங்குது.”

“பாருங்க.”

மாஸ்டர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை நாச்சிமுத்துவின் கையில் வைத்தார்.

நாச்சிமுத்து பார்த்தார். வயரை மாற்றினார். யுபிஎஸ்ஸை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகினார். நகத்தால் பட்டனை அழுத்தினார். ஒன்றும் இல்லை.

மாஸ்டரிடம் போனார்.

“கடைசியா யாருங்ணா தொட்டது?”

“ஆரும் தொடலீங்க.”

இன்னொரு சுளை.

இப்போது பெட்டியைக் கீழே இறக்கினார். முகப்பில் கை படாமல் பின்பக்கமாகவே பிடித்து இறக்கினார், பூஜைப் பொட்டு கலைந்துவிடக் கூடாது. நாச்சிமுத்து பயபக்தியான ஆள். ஸ்குரூ டிரைவரை எடுத்தால்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் எடுப்பார். இந்த வருடம் ஆயுத பூஜையை மாஸ்டர் அவர் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். மாஸ்டர் ஷட்டரைத் திறந்துவிட்டுப் போனதும் மனிதர் தனியாக, ஷட்டரிலிருந்து சால்டரிங் அயர்ன் வரை ஒன்று பாக்கியில்லாமல் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். இந்தப் பெட்டிக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகவே வைத்தார்.

பக்கத் தகட்டைக் கழற்றினார். பவர் சப்ளையை வெளியே எடுத்துத் தனியாகச் சோதித்தார். அதன் விசிறி ஜம்மென்று சுற்றியது. சுற்றுகிற சனியன் உள்ளே வைத்தால் மட்டும் ஏன் சுற்றவில்லை? ரேமை உருவி ரப்பரால் தேய்த்துச் செருகினார். காசளவு பேட்டரியைக் கழற்றி மாட்டினார். தூசி ஊதினார். தும்மினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு பட்டனை அழுத்தினார். அது கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

லேப்டாப் பையோடு ஒருவர் வந்தார். தரையில் குடல் சரிந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார், நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தார், அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வரமாட்டார் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

மணி மூன்றேகால்.

“கடைசியா யாருங்ணா தொட்டது?”

நாச்சிமுத்துவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. மாஸ்டர் கொடுத்த சுளையை அப்படியே மேஜையில் வைத்தார்.

“ஒரு வார்த்தை சொன்னா என்னங்க கொறஞ்சு போயிருவீங்க? எது போச்சுன்னு உங்களுக்குத் தெரியும். காத்தாலயே தெரியும். நான் குட்டிக்கரணம் போடறதை வேடிக்கை பாத்துட்டு ஆரஞ்சு திங்கறீங்க.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. சாவி போயிற்று என்றே நினைத்தார்.

மாஸ்டர் கோபப்படவில்லை.

“எனக்கு எப்படீங்ணா தெரியும்? தொட்டவங்களுக்குத்தான் தெரியும்.”

“அதான் ஆரும் தொடலைன்னு காத்தால இருந்து கத்தறனே!”

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். பிரிண்டரிலிருந்து ஒரு காலை இறக்கினார், மற்றொன்றை இறக்கினார், மேஜையைப் பிடித்து மெல்ல எழுந்தார். வாட்டர் பாட்டிலைத் திறந்து ஒரு துணியை நனைத்துப் பிழிந்தார். அதை நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

“மூஞ்சியைத் தொடைங்க.”

நாச்சிமுத்து வாங்கித் தன் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். துணி கறுப்பானது.

“உங்க மூஞ்சி இல்லீங்ணா,” என்ற மாஸ்டர், பெட்டியைக் காட்டினார்.

நாச்சிமுத்து ஓரடி பின்வாங்கினார்.

“பொட்டை அழிக்கறதுங்களா? இன்னிக்கா? நீங்க பிரசவத்துக்குக் கெளம்பற அன்னிக்குப் போயி?”

மாஸ்டர் பாட்டிலை மூடி வைத்தார்.

நாச்சிமுத்து துணியைக் கையில் சுருட்டினார். “உங்களுக்கு நல்லபடியா ஆகோணும்னு வேண்டிக்கிட்டுத்தானுங்க இதுக்கு மட்டும் ரெண்டு விரல் நெறையச் சந்தனம் எடுத்து, நடு நெத்தி பாத்து, நல்லா அழுத்தி…”

அதோடு நின்றார்.

பெட்டியைப் பார்த்தார். அதற்கு ஏது நெற்றி? முகப்பின் நடுவில் வட்டமாக இருப்பது ஒன்றே ஒன்றுதான்.

முட்டி போட்டு உட்கார்ந்தார். ஈரத் துணியைப் பொட்டின் மேல் வைத்து ஊறவிட்டார். மூன்று நாள் காய்ந்த சந்தனம் சிமெண்டுப் பூச்சாகப் பட்டனைச் சுற்றி இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினார். ஒரு சில்லு பெயர்ந்தது. இன்னொன்று பெயர்ந்தது.

டக்.

உள்ளே போன பட்டன் வெளியே வந்தது. அது மூன்று நாளாக உள்ளேதான் இருந்தது. காலையிலிருந்து இருபது முறை அழுத்தியிருப்பார், ஒரு முறைகூட அது அசைந்ததா என்று அவர் கவனிக்கவில்லை.

இப்போது அழுத்தினார். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. எதுவுமே நடக்காத மாதிரி திரை வெளிச்சமானது.

நாச்சிமுத்துவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. மாஸ்டர் சிரிக்கவில்லை. மேஜையில் கிடந்த சுளையை எடுத்து மறுபடியும் அவர் கையில் வைத்தார். இந்த முறை அவர் சாப்பிட்டார்.

வெளியே ஹாரன் அடித்தது. அண்ணன் வந்துவிட்டார். நாச்சிமுத்து பைகளைக் கொண்டுபோய்க் காரில் ஏற்றினார். மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்து திரும்பினார்.

“கடைசியா யாருங்ணா தொட்டது?”

“நானுங்க.”

மாஸ்டர் கைப்பையிலிருந்து சாவி வளையத்தை எடுத்து நீட்டினார்.

நாச்சிமுத்து இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொள்ள உயர்த்தினார். பாதி வழியில் கை நின்றது. வளையத்தில் இரண்டு ஷட்டர் சாவிகள், பார்க்க ஒன்றுபோலவே இருந்தன.

“இதுல எது எடது பூட்டுக்கு, எது வலது பூட்டுக்குங்க?” என்று கேட்டார்.