அந்தத் தேதியில் இடம் இல்லை

ஆனைகட்டி மலையடிவாரத்தில் மாசிலாமணி சாமி என்று ஒரு குரு இருந்தார். சீடர்கள் கூட்டமெல்லாம் கிடையாது. இருந்த நாலைந்து பேரில் ஒருவர் கனகசபாபதி. குருவைவிடப் பத்து வயது மூத்தவர். கோவையில் பம்ப்செட் செய்து நாடு முழுக்க விற்பவர். மாதத்தில் பாதி நாள் ஆகாயத்தில்தான் இருப்பார்.

தங்கமான மனிதர். ஆனால் அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. விமானத்தில் பறந்தால் பாயின்ட், ஓட்டலில் தங்கினால் பாயின்ட், கார்டைத் தேய்த்தால் பாயின்ட். சேர்ந்த பாயின்ட்டுக்குக் காசில்லாமல் டிக்கெட் எடுக்கலாம். சென்னைக்கு நேராகப் போகிற விமானத்தை விட்டுவிட்டுப் பெங்களூர் சுற்றிப் போவார். கேட்டால், "அதுல பாயின்ட் ஜாஸ்திங்க" என்பார். சாப்பாட்டு நேரம் தாண்டிப் போய்ச் சேர்வதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

அன்று காலை விமான நிலையத்திலிருந்து நேரே ஆசிரமத்துக்கு வந்தார். குரு தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

கனகசபாபதி கும்பிட்டார். பர்ஸைத் திறந்து மூன்று அட்டைகளை எடுத்துப் பாயில் பரப்பினார்.

"சாமி, இதுல ஒண்ண மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததத் தலைமுழுகச் சொல்றாருங்க ஆடிட்டர். எத வெச்சுக்கட்டும்? நீங்கதான் சொல்லோணும்."

"எல்லாம் மினுமினுன்னு இருக்குதுங்களே" என்றார் குரு.

"இது ஒரு விமானக் கம்பெனி மெம்பர் கார்டுங்க. இதுல நான் கோல்டு. இது இன்னொரு கம்பெனி. அந்தக் கறுப்பு, பேங்க் கிரெடிட் கார்டுங்க."

"கோல்டுன்னா என்ன குடுப்பாங்க?"

"லவுஞ்சுல உக்கார விடுவாங்க. உப்புமா, காப்பி எல்லாம் உண்டுங்க. கூட்டத்துக்கு முன்னால ஏறிக்கலாம். ஏறுனதும் அந்தப் பொண்ணு பேரச் சொல்லி வணக்கம் வெக்கும்." கனகசபாபதியின் முகம் மலர்ந்தது. "மிஸ்டர் கனகான்னு கூப்புடுமுங்க."

குரு சிரித்தார். "அப்ப அதையே வெச்சுக்க வேண்டியதுதானே?"

"அதுலதான் ஒரு சிக்கல். இந்த மாசக் கடைசியோட கார்டு வருசம் முடியுது. இன்னும் ஒரு தடவ பறந்தாத்தான் கோல்டு நிக்கும். நாளையிலருந்து வரிசையா மீட்டிங். கடைசி நாள் வெள்ளிக்கிழமை மட்டுந்தான் காலி. அன்னிக்கு டெல்லி போய்ட்டுத் திரும்பறனுங்க."

"டெல்லில என்ன வேலை?"

"வேலை ஒண்ணுமில்லீங்க. இறங்கி, அடுத்த விமானத்துல ஏறி வந்துருவேன்."

குரு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கனகசபாபதியின் போன் அடித்தது. வீட்டுக்காரம்மா பூங்கோதை. கனகசபாபதிக்கு யாரிடம் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வரும். குருவும் கேட்டார், மரத்திலிருந்த காக்காயும் கேட்டது.

"ஏனுங்க, வெள்ளிக்கிழமை எனக்கு ஸ்கூல்ல கடைசி நாள். ரிட்டயர்மென்ட் விழா வெச்சிருக்காங்க. ஞாபகம் இருக்குதுங்களா?"

"ஞாபகம் இல்லாமயா? ஆனா அந்தத் தேதி மட்டும் முடியாது பூங்கோத. வேற எந்தத் தேதி வேணுன்னாலும் சொல்லு."

"விழாவுக்கு வேற தேதி ஏதுங்க? முன் வரிசைல உங்களுக்குன்னு நாற்காலி சொல்லி வெச்சிருக்கேன்."

"அதுக்குப் பதிலா நல்லதா ஒரு பட்டுச்சேல எடுத்துக்க. என்ன வெலையானாலும் பரவால்ல. உன்னய விட எனக்கு யாரு முக்கியம், சொல்லு?"



"சரிங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

கனகசபாபதிக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. பட்டுச்சேலை என்று சொல்லியாயிற்றே, சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

"எங்க விட்டோமுங்க சாமி? ஆங், எந்தக் கார்டு?"

குரு அவரைக்காயைக் கீழே வைத்தார்.

"எனக்கு ரிஷிகேசத்துல ஒரு சிநேகிதர் இருக்காரு. பாக்கோணும்னு ரொம்ப நாளா ஆசை. உங்க பாயின்ட்ல ஒரு டிக்கெட் எடுத்துத் தர்றீங்களா?"

கனகசபாபதி பூரித்துப் போனார். இத்தனை வருடத்தில் குரு அவரிடம் எதுவும் கேட்டதில்லை. "என்ன சாமி இப்படிக் கேக்கறீங்க! பத்து டிக்கெட் எடுக்கலாமுங்க. என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"வேற தேதி ஆகாதுங்களா?"

"ஆகாதுங்க."

கோல்டு அட்டையின் எண்ணுக்குப் போன் போட்டார். பாட்டு ஓடியது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்' என்றது ஒரு குரல். மறுபடியும் பாட்டு. குரு ஒரு கை அவரைக்காயை உரித்து முடித்த பிறகு ஒரு பெண் பேசினாள்.

"அந்தத் தேதியில பாயின்ட்டுக்கு இடம் இல்லைங்க சார். வேற தேதி பாருங்களேன்."

"பணம் கட்டுனா?"

"பணம் கட்டுனா இருக்குங்க சார்."

கனகசபாபதி போனை வைத்துவிட்டு இரண்டாவது அட்டையை எடுத்தார். அங்கே வேறு பாட்டு.

"வெள்ளிக்கிழமை வராது சார். அடுத்த மாசம் ரெண்டாவது வாரம் ஒரு சீட் காட்டுது. உங்களை மாதிரி கஸ்டமர்தான் சார் எங்களுக்கு உயிர்."

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. குருவுக்கு முன்னால் அடக்கிக்கொண்டார். மூன்றாவதாகக் கறுப்பு அட்டை. இந்த முறை பாட்டு நீளமாகவே ஓடியது. ஒரு பையன் வந்தான்.

"டிக்கெட்டா மாத்த முடியாதுங்க சார், அந்த ஸ்கீம் போன மாசமே முடிஞ்சிருச்சு. அதுக்குப் பதிலா ஒரு டிராலி பேக் எடுத்துக்கங்க. நல்ல கம்பெனி பேக்."

"பேக் எவனுக்குய்யா வேணும்?" என்று கத்திவிட்டுப் போனைப் பாயில் போட்டார்.

காக்கா பறந்துவிட்டது.

குரு முகத்தில் வருத்தமே இல்லை. "போகட்டுங்க. காசு கட்டியெல்லாம் வேண்டாம். நான் ரயில்ல போய்க்கறேன்."

கனகசபாபதிக்கு ஆறவில்லை. அவமானமாகவும் இருந்தது. ஒரே ஒரு டிக்கெட், அதுவும் குரு வாய் திறந்து கேட்டது.

"பாருங்க சாமி. எத்தன வருசம்! சுத்திச் சுத்திப் பறந்து, சோறு தண்ணி பாக்காம, இந்த மூணத் தவிர வேற பக்கம் தலவெச்சுப் படுக்காம சேத்தேன். சேக்கற வரைக்கும் இளிச்சானுங்க. ஒரே ஒரு நாள் எடுக்கலாம்னு போனா அந்தத் தேதி இல்லீங்கறான். வேற தேதிங்கறான். அதுக்குப் பதிலா பேக்குங்கறான். நீதான் எனக்கு உயிருன்னு கூடவே ஒரு வார்த்தை! நம்பி இருந்தவனுக்கு இப்படிச் சொல்ல எப்படிங்க மனசு வருது?"

"எனக்கும் அதுதான் தெரியலீங்க" என்றார் குரு.

மலைப் பக்கமிருந்து நல்ல காற்று வந்தது.

"இன்னும் ஒருத்தர் கணக்கு பாக்கி இருக்குதே" என்றார் குரு.

"மூணுதானுங்க சாமி. மூணும் கேட்டாச்சு."

"உங்களுது இல்லீங்க. கொஞ்ச முன்னாடி போன் பண்ணுனாங்களே ஒரு அம்மா. அவங்க எத்தன வருசமா ஒரே எடத்துல சேத்துட்டு வர்றாங்க?"

கனகசபாபதி குருவைப் பார்த்தார்.

"அவங்களும் வெள்ளிக்கிழமையத்தான் கேட்டாங்க" என்றார் குரு.

கனகசபாபதியின் காதில் அவருடைய குரலே திரும்ப ஒலித்தது. வேற தேதி. அதுக்குப் பதிலா. உன்னய விட எனக்கு யாரு. பாயில் கிடந்த அட்டைகளைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. கண் கலங்கியதைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

குரு அவரைக்காய்த் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். கனகசபாபதி ஒன்றை எடுத்து நார் உரித்தார். இன்னொன்றையும் உரித்தார். மனசு மெல்ல லேசாகிக்கொண்டு வந்தது.

"சாமி."

"சொல்லுங்க."

"முன் வரிசைல அந்த நாற்காலி இன்னும் இருக்குமுங்களா?"

குரு பாயில் கிடந்த போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"கேட்டுப் பாருங்க. அங்க பாட்டுப் போட்டுக் காக்க வெக்க மாட்டாங்க."