மாப்பிள்ளைக் காரில் காற்றெடுத்த கதை

வந்தவாசிக் கோதண்டத்துக்குச் செஞ்சியில் கல்யாணம். உறவுக்காரர்கள் எல்லாரும் பஸ் பிடித்து முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் காரில்தான் வந்து இறங்குவான் என்று பெரியப்பா வீரபத்திரனும் சித்தப்பா ஏகாம்பரமும் ஒற்றைக் காலில் நின்றார்கள். கார் பெரியப்பாவுடையது. அப்போதுதான் மெக்கானிக் செபஸ்தியான், ரேடியேட்டர் தண்ணீரை இன்ஜினுக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை அதற்குப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தான்.

பாதி வழியில் பானெட்டிலிருந்து புசுபுசுவென்று ஆவி வந்தது.

"பொங்கல் பொங்குற மாதிரியே இருக்கு. நல்ல சகுனம்" என்றார் சித்தப்பா.

ஆறவிட்டு ரேடியேட்டரைத் திறந்தால் தண்ணீர் பாதிதான் இருந்தது. ஊற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அடுத்த ஊர் தாண்டியதும் மறுபடியும் பாதி.

"கீழே ஒரு சொட்டு காணோம். எங்கேதான் போவுது?" என்றார் பெரியப்பா.

"நாம முன்னாடி போறோம் இல்ல? அது பின்னாடி போயிருக்கும்" என்றார் சித்தப்பா.

மாமனார் கோபக்காரர், முகூர்த்தம் தப்பினால் பெண்ணை வேறு யாருக்காவது கட்டிக் கொடுத்தாலும் கொடுத்துவிடுவார். கோதண்டம் செபஸ்தியானுக்குப் போன் போட்டான்.

"தெர்மோஸ்டாட் மாத்துறப்போ உள்ளே காத்து மாட்டியிருக்கும் தம்பி. அதை வெளியேத்திட்டா சரியாப்போயிடும்" என்றான் அவன். எப்படி என்று சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

மூவரும் காரைச் சுற்றி நின்று யோசித்தார்கள்.

"வண்டியில காத்து எங்கே இருக்கும்?"

"அடிச்ச இடத்துலதான் இருக்கும்."

"நாலு இடத்துல அடிச்சிருக்கோமே. எதுல மாட்டியிருக்கோ?"

"எதுக்கு வம்பு? நாலையும் எடுத்துடு."

கோதண்டம் காலேஜ் வரை போனவன். "டிக்கியில ஸ்டெப்னி இருக்கே பெரியப்பா. அதுல போய் ஒளிஞ்சுக்கிட்டா?" என்றான். பெரியவர்கள் இருவரும் அவனைப் பெருமையோடு பார்த்தார்கள்.

எல்லா டயரும் சப்பையாகி முடிந்தபோது இன்ஜினும் ஆறியிருந்தது. சூடு காட்டும் முள் கீழே படுத்திருந்தது. "செபஸ்தியான் கெட்டிக்காரன்யா!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆனால் கார் நகரமாட்டேன் என்றது.

"மொத்தத்தையும் எடுத்துட்டோம். கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கணும்" என்றார் சித்தப்பா.

ஆளுக்கொரு டயராகக் குனிந்து வாயால் ஊதினார்கள். கோதண்டம் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண் பிதுங்க ஊதிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஒரு டெம்போ வந்து நின்றது. ஏற்றியிருந்தது வாழையிலை, டிரைவர் பக்கத்தில் மாமனார்.

"என்ன மாப்பிள்ளை, எல்லா டயரும் பஞ்சரா?"

"இல்லீங்க மாமா, நாங்களே எடுத்துட்டோம்."

மாமனாருக்குக் கோபப்படக்கூட நேரமில்லை. "சரி சரி, காரை ஓரங்கட்டிட்டு மூணு பேரும் பின்னாடி ஏறுங்க. சீக்கிரம்!" என்று கத்திவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். பின்னால் கொஞ்ச நேரம் குசுகுசுப்பு, ஓட்டம். "ஏறியாச்சு மாமா!" என்று குரல் வந்ததும் டெம்போ பறந்தது.

முகூர்த்தத்துக்கு முன்பே மண்டபம் வந்துவிட்டது. நாதஸ்வரம் முழங்க, பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்க, வாழையிலைக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து மாப்பிள்ளை கம்பீரமாகக் குதித்து இறங்கினான். நாதஸ்வரம் நின்றது. கோதண்டம் கோடுபோட்ட டிராயரோடு நின்றிருந்தான்.

"வேட்டி எங்கே மாப்பிள்ளை?" என்று அலறினார் மாமனார்.

"நீங்கதானே மாமா காரை ஓரமாக் கட்டச் சொன்னீங்க? கயிறு கிடைக்கலை" என்றான் கோதண்டம். "பனைமரத்தோட சேர்த்து மூணு முடிச்சு போட்டிருக்கேன். எங்கேயும் ஓடிடாது."