கோட்டைக்குள் ஆவாரை கூடாது

செம்பாறைச் சீமையை ஆண்ட நரசிங்கராயருக்கு ரோஜாப் பைத்தியம் பிடித்திருந்தது. பிடிக்க வைத்தவர் தோட்டத்து அதிகாரி கனகராயர். இந்தக் கனகராயர் தம் கையால் ஒரு செடிக்கும் தண்ணீர் ஊற்றியவர் அல்லர். பூத்த ஒவ்வொரு ரோஜாவுக்கும் பல்லக்கில் வந்து பாராட்டு வாங்கிப் போக மட்டும் தவறமாட்டார்.

கோட்டைச் சரிவெங்கும் ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. அது அவர் கண்ணை உறுத்தியது. ஆடுகூடக் கடிக்காத செடி அரசரின் கோட்டையில் நிற்பது அவமானம் என்று ஓதினார். அதைக் களைந்துவிட்டால் அங்கேயும் ரோஜா வைக்கலாம் என்றார்.

ஆவாரம்பட்டை இல்லாவிட்டால் தோல் பதனிடுகிறவர்களுக்குப் பிழைப்பு இல்லை. அவர்கள் அரசவை விகடன் சாத்தையனிடம் வந்து அழுதார்கள். சாத்தையன் அவர்களுக்காகச் சபையில் வாயெடுத்தான். கனகராயர் முந்திக்கொண்டார். களையும் வேலையை இந்தக் கோமாளிக்கே கொடுக்கலாம், தவறினால் சீமையை விட்டு ஓடட்டும் என்றார்.

அரசர் தலையாட்டினார். “நாளை மாலைக்குள் என் கோட்டையில் ஆவாரையின் இலை, பூ, பட்டை எதுவும் இருக்கக் கூடாது.”

“பட்டையுமா, மகாராஜா?”

“பட்டையும்தான்.”

சாத்தையன் வணங்கிவிட்டுப் போனான்.

மறுநாள் முற்பகலில் அரசர் தோட்டம் பார்க்கக் கிளம்பினார். செருப்பைக் காணோம். குதிரைக்குச் சேணம் இல்லை. வாளுக்கு உறை இல்லை. சித்திரை வெயிலில் வெறுங்காலோடு தத்தித் தத்திப் போய்ச் சேர்ந்தார். அங்கே ரோஜாக்கள் தலை தொங்கிக் கிடந்தன. தண்ணீர் இறைக்கும் கமலையின் தோலை நேற்றே யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டதாகக் கனகராயர் புலம்பினார். அவர் காலிலும் செருப்பு இல்லை.

சாத்தையன் ஒரு வண்டியோடு வந்தான். காணாமல் போனதெல்லாம் அதில் குவிந்திருந்தது.

“சரிவில் செடி அப்படியே நிற்கிறது. என் செருப்பையா களைந்தாய்?”

“அரண்மனையிலிருந்து தொடங்கினேன், மகாராஜா. இத்தனை தோலும் ஆவாரம்பட்டை ஊறலில் பதப்பட்டது. பட்டை கூடாது என்பது தங்கள் ஆணை. இதைக் கோட்டைக்கு வெளியே கொட்டிவிட்டுச் செடிக்கு வருகிறேன்.”

அரசர் தம் சிவந்த பாதங்களைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆணையை அங்கேயே ரத்து செய்தார். சரிவு முழுவதையும் தோல் பதனிடுகிறவர்களுக்கே எழுதிக் கொடுத்தார். சாத்தையனுக்குத் தம் கைக்காப்பைக் கழற்றித் தந்தார்.

கனகராயர் மெல்ல வண்டியருகே வந்தார்.

“சாத்தையரே, அந்தக் கமலைத் தோலைக் கொடுத்துவிடுமே.”

சாத்தையன் அதைத் தூக்கி அவர் தோளில் போட்டான்.

“ஆடுகூடக் கடிக்காத செடியின் பட்டை ஏறிய தோல், ஐயா. இதில் வரும் தண்ணீரைக் குடிக்கச் சம்மதமா என்று உமது ரோஜாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும்.”