இருமினால் பாதாளச் சிறை

வெகுகாலத்துக்கு முன்னால் மஞ்சுமலை நாட்டைக் கோளரிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். போர் என்றால் சிரிப்பான். நோய் என்றால் நடுங்குவான்.

ஒரு கார்த்திகையில் மழை பிடித்தது. விடவே இல்லை. வெயில் எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். சனங்கள் கதவை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் முடங்கினார்கள். அப்போதுதான் அந்த இருமல் வந்தது. முதலில் தொண்டை கரகரக்கும், பிறகு காய்ச்சல், ஐந்தாம் நாள் மூச்சு வாங்கும். ஒருவர் படுத்தால் வீடே படுத்தது. சுடுகாட்டில் ஈர விறகு பற்றாமல் பிணங்கள் காத்துக் கிடந்தன.

ராஜா அரண்டுபோய் அரண்மனை வைத்தியர் நஞ்சுண்டப் பண்டிதரை அழைத்தான்.

"வாடைக்காற்றுதான் நோயைக் கொண்டுவருகிறது, மகாராஜா. சாளரங்களை அரக்கு வைத்து அடையுங்கள். சபையார் எல்லாரும் கொலுமண்டபத்துக்குள்ளேயே இருக்கட்டும்."

"அப்படியும் ஒருவன் இருமினால்?"

"பாதாளச் சிறை!"

அன்றிலிருந்து மந்திரிகள் மேல்துண்டை வாயில் திணித்துக்கொண்டு, கண் பிதுங்க உட்கார்ந்திருந்தார்கள். ஒரு புலவர் பாட்டின் நடுவே இருமினார். அடுத்த அடி பாடுமுன் இழுத்துப் போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்து வாயிற்காவலன் கொம்பன் இருமினான். அதற்குள் இருமிய இன்னும் சிலரோடு அவனும் சிறைக்குள் போனான்.

கொம்பனின் மனைவி சடைச்சி, மண்டபத்துக் கணப்புச் சட்டிகளுக்குத் தணல் போடுகிறவள். அவள் ராஜாவின் காலில் விழுந்தாள்.

"சாமி, வீடு வீடா நெருப்புக் கொண்டுபோறவ நான். பார்த்ததைச் சொல்றேன். அடைச்ச வீட்லதான் குடும்பத்தோட சாகுறாங்க. மேட்டுல வெட்டவெளியில வேலை செய்யிற கல்தச்சருங்க அத்தனை பேர்ல ரெண்டு பேருக்குத்தான் நோவு. சாளரத்தைத் திறங்க சாமி. சிறையில கிடக்குறவங்களை வெயிலுக்குக் கொண்டுவாங்க."

பண்டிதருக்குப் பொறுக்கவில்லை. "அடுப்பு ஊதுகிறவள் எனக்கு வைத்தியம் சொல்வதா? இருமியவர்களை அடைத்தாயிற்று. இனி இந்த மண்டபத்துக்குள் நோய் நுழைய ஊசிமுனை இடமில்லை!"

"இன்னொரு முறை வாய் திறந்தால் நீயும் சிறைக்குப் போவாய்," என்றான் ராஜா அவளிடம்.

மறுநாள் காலை சடைச்சி வாய் திறக்கவில்லை. மண்டபத்தின் கடைக்கோடிச் சட்டியில் ஒரு பிடி காய்ந்த மிளகாயைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றாள்.

முதலில் சேனாதிபதி இருமினார். சேவகர்கள் அவரைப் பிடிக்க ஓடினார்கள், அவர்களும் இருமினார்கள். வரிசை வரிசையாக இருமல் சிம்மாசனத்தை நோக்கி வந்தது. "வந்துவிட்டது! வந்துவிட்டது!" என்று ஒருவர் அலறினார். பண்டிதர் தூணைப் பிடித்துக்கொண்டு இருமினார். ராஜா இரு கையாலும் வாயைப் பொத்திப் பார்த்தான். முடியவில்லை. செத்தோம் என்று நினைத்தான்.

"சாமி, யாரை முதல்ல சிறையில தள்ளணும்?" என்று கேட்டாள் சடைச்சி.

ராஜாவின் முகம் வெளுத்திருந்தது. "என்ன இது?"

"மிளகாய்ப் புகை. சட்டி அந்தக் கோடியில, நீங்க இந்தக் கோடியில. அது எப்படி வந்துச்சோ அப்படித்தான் ஒருத்தர் மூச்சும் இங்கேயே சுத்துது. வெளியே போக வழியில்லை. இருமினவனை இன்னிக்குப் பிடிப்பீங்க. நேத்து அவன் விட்ட மூச்சை எப்படிப் பிடிப்பீங்க?"

"சதி! தலையை வெட்டுங்கள்!" என்றார் பண்டிதர், இருமலுக்கு நடுவே.

ராஜா வாளை உருவினான். சடைச்சி கண்ணை மூடிக்கொண்டாள். வாள் சாளரத்து அரக்கில் இறங்கியது. ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்கக் காற்று சில்லென்று புகுந்தது; புகை கலைந்தது. எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

"பண்டிதரே, இனி வீடு வீடாகப் போய்ச் சாளரத்தைத் திறக்கச் சொல்லும். யார் சொன்னது என்று கேட்டால், சடைச்சி என்று சொல்லும்."

நோய் ஒரே நாளில் ஓடிவிடவில்லை. தை வெயில் ஏறும்வரை சாவு இருந்தது. ஆனால் வீடே படுப்பது குறைந்தது. சடைச்சிக்கு ராஜா சபையில் ஓர் ஆசனம் கொடுத்தான்.

அதற்கெல்லாம் முன்பு, அன்றைக்கே சிறைக்கதவு திறந்தது. உள்ளே போனவர் பதினொருவர். உயிரோடு வந்தவர் ஏழு பேர். புலவர் வரவில்லை. ஏழு பேரையும் முற்றத்தில் இளவெயிலில் தள்ளித் தள்ளிப் படுக்க வைத்தார்கள். ராஜாவைக் கண்டதும் கொம்பன் பதறி வாயைப் பொத்தினான். உடம்பு குலுங்கியது.

பத்தடி தள்ளி நின்ற ராஜா தலை குனிந்தான். "இருமு, கொம்பா. ஒன்றும் செய்யமாட்டேன்."

கொம்பன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அழுதுகொண்டே, வாய்விட்டு இருமினான்.