பூட்டிய பாடங்கள்

கல்லூரிப் பாடங்களெல்லாம் திங்கட்கிழமை முதல் புதிய இணையதளத்துக்கு மாறுகின்றன என்று சுற்றறிக்கை வந்ததிலிருந்து, புவியியல் பேராசிரியர் தவசிமணிக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தேழு வருடப் பாடக் குறிப்புகளையும் அதில் ஏற்ற வேண்டுமாம். பக்கத்து ஊர்க் கல்லூரியில் இப்படித்தான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள்.

அவர் சும்மா இருப்பவரா? மடிக்கணினியின் கேமரா மீது வருகைப் பதிவேட்டிலிருந்து கிழித்த தாளை ஒட்டினார். பயிற்சிக்கென்று கொடுத்த ஏழு காணொளிகளில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. யார் எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று அது குறித்து வைக்கிறதாமே! அறுபது பக்கக் கையேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் மூன்று முறை படித்தார். பாடத்தை மாணவர் கண்ணில் படாமல் மறைப்பது எப்படி என்ற பக்கம் அது.

நாற்பத்தொரு கோப்புகளை ஏற்றினார். நாற்பத்தொன்றையும் மறைத்து வைத்தார். ஏற்றத்தானே சொன்னார்கள், காட்டச் சொல்லவில்லையே.

வெள்ளிக்கிழமை மதியம் மெஹர்பானு அவரைக் கணினிக்கூடத்துக்கு அழைத்தார். கணினித் துறையில் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது. தவசிமணிக்கு மகள் வயது. ஆனாலும் ஆசிரியர்களுக்கெல்லாம் அந்த வாரம் அவர்தான் ஆசிரியர்.

"சார், உங்க பாடம் எல்லாம் மூடியே இருக்கே."

"இருக்கட்டும் மேடம். நான்தான் நேர்ல இருக்கேனே."

"திங்கட்கிழமையும் மூடியிருந்தா அந்தப் பாடத்தை வேற ஆளுக்குக் கொடுக்கப்போறதா முதல்வர் சொல்றாரு."

"பார்த்தீங்களா! திறந்தாலும் வேலை போகும், திறக்கலைன்னாலும் போகும்."

மெஹர்பானு மறுக்கவில்லை. அதுவே தவசிமணியின் சந்தேகத்தைக் கிளப்பியது. மறுத்திருந்தாலும் கிளப்பியிருக்கும்.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லுங்க. எல்லாத்தையும் இதுல கொடுத்துட்டா, அப்புறம் நான் எதுக்கு?"

மெஹர்பானு எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். பயிற்சிக்கென்று இருந்த ஒரு வகுப்பில் தவசிமணியை மாணவராகச் சேர்த்து, அவர் பாடம் ஒன்றைத் திறந்து வைத்தார்.

"படிங்க சார். இந்த வகுப்புல நீங்க ஒருத்தர்தான் மாணவர்."

"நான் படிக்கிறதையும் இது குறிச்சு வைக்குமா?"

"வைக்கும் சார்."

இதையாவது ஒளிக்காமல் சொன்னாளே என்று நினைத்துக்கொண்டு படித்தார். பழைய நோட்டிலிருந்து ஓர் எழுத்து விடாமல் அவரே தட்டச்சு செய்த பாடம். ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரையை நீர் அரிக்கும். உட்கரையில் மணல் சேரும். அடுத்த வரியில் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

'இங்கே நிறுத்து. முகங்களைப் பார். புரியாதவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனிடம் போ.'

முதல் வருடம் வகுப்பெடுக்கப் பயந்த நாளில் தனக்குத் தானே எழுதிக்கொண்டது. பாடத்தோடு பாடமாக அதுவும் ஏறிவிட்டிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இது தெரியாம வந்துடுச்சு. அழிச்சிடறேன்."

"மாணவரால அழிக்க முடியாது சார்."

"அப்ப இதைப் படிக்கிற பையன் என்னதான் பண்ணுவான்?"

"நீங்கதானே இப்ப அந்தப் பையன். போட்டிருக்கிறபடி பண்ணுங்க."

தவசிமணி திரையைப் பார்த்தார். சுற்றிலும் இருந்த காலி நாற்காலிகளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஜன்னலையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"பாடத்தைத் திறந்து விட்டா என்னை அனுப்ப மாட்டாங்கன்னு உறுதியாச் சொல்வீங்களா?"

"அது எனக்குத் தெரியாது சார்."

"பின்ன என்னதான் மேடம் உங்களுக்குத் தெரியும்?"

மெஹர்பானு திரையில் 'அவனிடம் போ' என்ற வரியின் மேல் விரல் வைத்தார்.

"அந்த அறுபது பக்கக் கையேட்டை எழுதினது நான்தான் சார். இதைப் பண்ண இந்தத் தளத்துல எங்கேயும் பட்டன் இல்ல. அது தெரியும்."