ஒரு கரடிக்கு மூன்று குட்டிகள்

தாமரைக்குளத்துக் காட்டில் குட்டி விலங்குகள் வளைகோல் பந்தாட்டம் ஆடிவந்தன. வளைந்த நாவல் கிளைதான் கோல். காய்ந்த விளாங்காய்தான் பந்து. கோடை வந்தால் பக்கத்துக் காடுகளோடு போட்டி நடக்கும். ஜெயிக்கிற அணிக்கு மயில்தோகையால் ஒரு கிரீடம் உண்டு. அது மயில் தானாக உதிர்த்துப் போட்ட தோகை. ஆனாலும் அதற்காகக் காலை உடைத்துக்கொண்டவர்கள் பலர்.

தாமரைக்குளம் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

அணியைப் பழக்கியது மருதன் என்ற கீரி. அணிக்குத் தலைவன் கொம்பன் என்ற புள்ளிமான் குட்டி. வளர்ந்துவிட்டவர்களுக்கு அணியில் இடம் கிடையாது என்பது விதி. கொம்பனுக்கு இதுதான் கடைசிக் கோடை. அதன் கொம்போ யாரையும் கேட்காமல் வளர்ந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் மலைக்காட்டிலிருந்து கூரன் என்ற முள்ளம்பன்றி வந்தது. அந்தக் காட்டு அணியைப் பழக்குவது அதுதான்.

"மருதண்ணே! எங்கள் கரடி கருப்பட்டியைப் பார்த்திருக்கிறீர்களா?"

"பார்த்திருக்கிறேன். போன வருஷம் எங்கள் ஆமை மேல் மோதியது. ஆமை வெகுநாள் தலையை வெளியே நீட்டவில்லை."

"அந்தக் கரடியை உங்களுக்கே தருகிறேன்!"

"எதற்கு?"

"அதற்கும் இதுதான் கடைசிக் கோடை. எங்களுக்கு ஜெயிக்க அவசரமில்லை. பதிலுக்கு உங்கள் முயல்குட்டி, அணில்குட்டி, நீர்நாய்க்குட்டி மூன்றையும் கொடுங்கள். அடுத்த வருஷம் இங்கே ஆட வரும் புதுக் குட்டிகளில் ஒன்றையும் முதலில் நான்தான் பொறுக்கி எடுப்பேன்."

"மூன்றும் பொடிசுகள்! கோலை நேராகப் பிடிக்கவே தெரியாதே!"

"தெரிய வரும்போது எங்களிடம் இருக்கட்டும்" என்றது கூரன்.

அன்று மாலையே குளக்கரையில் கூட்டம் கூடியது. "ஜெயிக்கணும்! ஜெயிக்கணும்!" என்று தவளைகள் கத்தின. தவளைகள் ஆடுவதில்லை. கத்துவது மட்டும்தான்.

கொம்பன் எழுந்து பேசியது. "நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தோற்றுக்கொண்டே இருக்கிறேன். ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டுப் போகிறேனே!" எல்லோருக்கும் பாவமாக இருந்தது. பாவம்தான்.

நீர்நாய்க்குட்டியின் தாய் கயல் கேட்டது. "தம்பி ஜெயிக்கட்டும். அதற்கு என் பிள்ளை ஏன் மலையேற வேண்டும்?"

"அணிக்காக!" என்றது கீரி.

"என் பிள்ளையும் அணிதானே, அண்ணே?"

நல்ல கேள்வி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு சம்மதம் உள்ளவர்கள் முன்னங்காலைத் தூக்கலாம் என்றார்கள். கயலைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள்.

மறுநாள் மூன்று குட்டிகளும் புறப்பட்டன. முயல்குட்டி மட்டும் மருதனிடம் திரும்பி வந்தது.

"வாத்தியாரே! நாங்கள் சரியாக ஆடவில்லையா?"

"நன்றாகத்தான் ஆடுகிறீர்கள். அதனால்தானே உங்களைக் கேட்கிறார்கள்."

"அப்புறம் ஏன் கொடுக்கிறீர்கள்?"

மருதன் முயலின் கோலில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டது. முயல் கோலை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

கோடைப் போட்டி தொடங்கியது. கருப்பட்டி பந்தோடு ஓடினால் எதிரே நின்றவர்கள் மரியாதையாக விலகிக்கொண்டார்கள். விலகாதவர்களைப் பிறகு புதரிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. கடைசி ஆட்டத்தில் கரடி பந்தைத் தட்டிவிட, கொம்பன் அதை எதிரணியின் வாசலுக்குள் அடித்தது. தாமரைக்குளம் ஜெயித்துவிட்டது!

அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. கிழட்டு ஆந்தைகூடப் பகலில் கண்ணைத் திறந்து பார்த்தது. கொம்பன் கிரீடத்தை வைத்துக்கொண்டு அழுதது. மருதனைத் தூக்கிக் குளத்தில் போட்டார்கள். கீரிக்கு நீச்சல் பிடிக்காது. அன்று அதுவும் பிடித்திருந்தது.

மழை வந்தது. கருப்பட்டி தேன் தேடி மலைக்குத் திரும்பியது. கொம்பன் பெரிய மான்களின் கூட்டத்தில் சேர்ந்தது. கூட ஆடியவர்களும் வளர்ந்துபோனார்கள்.

அடுத்த கோடையில் கூரன் வந்தது. புதுக் குட்டிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்தது. காட்டுப்பன்றிக் குட்டி ஒன்று எல்லாரையும் முந்தியது. கூரன் அதை அழைத்துக்கொண்டு போய்விட்டது.

மிச்சம் ஓர் எருமைக்கன்று, பந்தைக் கண்டால் பயப்படும் இரண்டு மயில்குஞ்சுகள், ஆமை. இத்தனை வருஷத்தில் ஆமை மட்டும் இன்னும் வளர்ந்தபாடில்லை.

முதல் ஆட்டமே மலைக்காட்டோடு. தாமரைக்குளக் கரையில்தான் நடந்தது. பழைய முயல்குட்டி இப்போது காற்றுபோல் ஓடியது. அணில் பந்தை எருமைக்கன்றின் கால்களுக்கு நடுவே தட்டிவிட்டது. நீர்நாய் அதை முயலுக்குத் தள்ளியது. "பந்து எங்கே?" என்று எருமைக்கன்று கேட்டபோது அது ஏற்கெனவே வாசலுக்குள் கிடந்தது.

யாருக்காகக் கத்துவது என்று தவளைகளுக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டன. கயல் மட்டும் தயங்கவில்லை. "அப்படித்தான், கண்ணு! அடி!" என்று தன் பிள்ளையைப் பார்த்துக் கத்தியது. மருதன் அதைத் தடுக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் முயல் குளத்தில் தண்ணீர் குடிக்க வந்தது. மருதன் மெல்லப் பக்கத்தில் போய் நின்றது.

"நன்றாக ஆடினாய்."

"நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான், வாத்தியாரே."

"திரும்பி வந்துவிடேன். நீங்கள் மூன்று பேரும் வந்தால் அடுத்த வருஷம் நாம்தான்!"

"எங்கள் கூரன் ஐயாவிடம் போன மாதமே யாரோ கேட்டார்களாம். எங்களைக் கொடுத்தால் இரண்டு கரடி தருவதாக."

"கூரன் என்ன சொன்னது?"

"'பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், தொந்தரவு செய்யாதீர்கள்' என்றாராம்."

முயல் வாயைத் துடைத்துக்கொண்டு, தன் அணியோடு சேர்ந்துகொள்ள ஓடிப்போனது.

ஒருநாள் விருந்துக்காக விதைநெல்லைக் குத்திச் சமைத்தவனுக்கு, அடுத்த மழை எவ்வளவு பெய்தாலும் பயனில்லை.