மழவராயர் வீட்டு நாய்கள்

முன்னொரு காலத்தில், மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு குட்டி ராஜ்யம் இருந்தது. சபை கலையும்போது அரசர் தம் வெள்ளிச் செல்லத்திலிருந்து ஒரே ஒருவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பார். பல வருஷம் அது மந்திரி மழவராயருக்குத்தான் கிடைத்தது. பிறகு சபைக்கு விகடகவி சாத்தன் வந்தான்; வெற்றிலை அவன் பக்கம் போய்விட்டது. அன்றுமுதல் மழவராயருக்குச் சோறு இறங்கவில்லை. சாத்தன் சிரித்தால் வயிறு எரிந்தது, தும்மினாலும் எரிந்தது.

சாத்தன் வீடு நிறையத் தெருநாய்கள். ஒருநாள் அவை குரைத்ததில் அரசரின் பகல் தூக்கம் கெட்டது. மழவராயர் விடுவாரா?

"மன்னர் பெருமானே, ஒருவன் இத்தனை நாய்களை அடைத்து வைக்கலாமா? ஒரு வரைமுறை வேண்டாமா?"

கொட்டாவியோடே அரசர் சட்டம் போட்டார்: "எவர் வீட்டில் மூன்று நாய்க்கு மேல் இருக்கிறதோ, அவர் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். பௌர்ணமி சபையில் தீர்ப்பு!"

அந்நாட்டில் ஒரு முறை உண்டு. தகராறில் இருக்கும் பொருளைத் தீர்ப்பு வரும்வரை பிராது கொடுத்தவரே காக்க வேண்டும். சாத்தன் கைகூப்பினான். "மந்திரியாரே, வேளைக்குச் சோறு போடுவீர்களா?"

"என் பிள்ளைகளைப்போல் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் மழவராயர், அரசர் காதில் விழும்படி.

வீட்டுக்குப் போனதும் நாய்களை வைக்கோல் அறையில் தள்ளிப் பூட்டினார். சோற்றைக் குறைத்தார். நாய்கள் எலும்பும் தோலுமாய்ச் சபைக்கு வந்தால், 'வரும்போதே இப்படித்தான்' என்று பழியைச் சாத்தன் தலையில் போட்டுவிடலாம் என்று கணக்கு. வெற்றிலையின் வாசனை அவருக்கு இப்போதே அடித்தது.

பௌர்ணமி வந்தது. நாய்கள் தள்ளாடி வந்தன. "பாருங்கள் பிரபு, சாத்தன் வளர்த்த லட்சணத்தை!" என்றார் மழவராயர்.

சாத்தனுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் நிதானமாகக் கேட்டான்: "மன்னவா, இன்று காலை இவை எவர் வீட்டில் இருந்தன?"

"மழவராயர் வீட்டில்" என்றார் அரசர்.

"மூன்றுக்கு மேலா?"

சபை குபீரென்று சிரித்தது. மழவராயர் பதறி முன்னே வந்தார். "ஐயோ, இவை இவனுடைய நாய்கள்!"

"யாருடையவை என்று சட்டம் கேட்கவில்லையே, மந்திரியாரே! நாட்டை விட்டுப் போகவேண்டியவர் தாங்கள்தான். ஆனால் மன்னவா, தலையை எண்ணும் சட்டம் எதற்கு? விலா எலும்பை எண்ணச் சொல்லுங்கள். என் வீட்டில் இருந்தபோது ஒன்றுகூட வெளியே தெரியவில்லை."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டம் அங்கேயே மாறியது. "மழவராயரே, எலும்பு மறையும்வரை உமது கையாலேயே தீனி போடும். தினமும் சாத்தன் வந்து பார்ப்பான்!" வெற்றிலையோடு வெள்ளிச் செல்லத்தையும் சாத்தனிடமே கொடுத்துவிட்டார்.

மறுநாள் மழவராயர் பால்சோறு பிசைந்து, ஒவ்வொரு நாயாகக் கொஞ்சி ஊட்டினார். வாசலில் சாத்தன் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தனை நாயும் சோற்றை விட்டுவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு அவனிடம் ஓடின.

பிசைந்த கையோடு மழவராயர் நின்றார். வயிறு மறுபடி எரிந்தது.